சட்டி சுடுவது தெரியவில்லை

90களின் நடுப்பகுதியில் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், ஒரு சின்ன மருந்தகத்தில் நான் உதவி வைத்திய அதிகாரி. ஊரிலுள்ள வயதானவர்கள் அப்போதிக்கரி என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. எனக்கு விளங்காத வருத்தம் ஒன்று வந்தால் இரண்டே வழி, ஒன்று ஆளை ஏற்றி மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் எழுத வேண்டும். அனுப்புவதென்றால் உழவு இயந்திரப் பெட்டியில் மண்முனைத் துறை வரைக்கும் போய், பாதை வரும்வரை வெயிலில் இருந்து, வாவியைக் கடந்து, அந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, அதற்குப் பிறகுதான் பஸ். (வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் ரோட்டு. எங்களுக்கு அது ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொன்னால்தான் தெரியும்.) வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் அப்படிப் போவார்கள்? ஆகவே அவசரமில்லை என்று நான் நினைத்த எல்லாவற்றுக்கும் கடிதம்தான்.

டவுனிலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு சேர் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோவார். பெரியாஸ்பத்திரியில் இருந்த வைத்திய நிபுணர் ஒருவர் அதை வாசித்து, கிளினிக் முடிந்து களைத்துப்போன நேரத்திலும் தன் கைப்பட பதில் எழுதுவார். சரிவந்தால் திங்கட்கிழமை பதில் கையில் இருக்கும். பாதை ஓடாத வாரங்களில் அது பத்து நாள், பதினைந்து நாள்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடது கையைக் காட்டினா. "கை வழங்குதில்ல மனே, சட்டி சுடுறதும் தெரியுதில்ல" என்றா. சின்னவிரலும் மோதிரவிரலும் லேசாக மடங்கியிருந்தன. வரிசையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினேன். மறுகா வந்தா, மறுகாவும் அதே குளிசை. நாலு மாதத்தில் மூன்று தரம் வந்த பிறகுதான் எழுதினேன், அதுவும் பயிற்சியில் படித்த மாதிரி ஆங்கிலத்தில் நாலு வரி: பெண், ஐம்பது வயது, இடது கைப் பலவீனம், ஒரு வருடமாக.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. அரைப் பக்கம் முழுக்கக் கேள்விகள். பலவீனமா, உணர்ச்சி இல்லையா? கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டுப் பார்த்தீரா? விரல்களில் சூடுபட்ட காயம் இருக்கிறதா? முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் தடவிப் பாரும், கயிறு மாதிரி நரம்பு தடித்திருக்கிறதா, மற்றக் கையில் எப்படி? உடம்பில் எங்கேயாவது வெளிறிய, தொட்டால் தெரியாத படை உண்டா? கடைசியில் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்: அவ என்ன சொன்னா என்று எழுதவில்லையே, நீர் நினைத்ததைத்தானே எழுதியிருக்கிறீர்.

ஆளனுப்பி அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். பஞ்சு பட்டது தெரியவில்லை. விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள், ஒன்றிரண்டல்ல. முழங்கையில் நரம்பு கயிறு மாதிரியே உருண்டது. மேல்கையின் பின்பக்கம், அவவே ஒருநாளும் கண்டிராத இடத்தில், உள்ளங்கை அளவு வெளிறிய படை. தொழுநோய். முதல் நாளே அவ வாயால் சொல்லிவிட்டா, சட்டி சுடுவது தெரியவில்லை என்று. அந்த ஒரு வசனம் கடிதத்தில் போயிருந்தால் இத்தனை கேள்விக்கு இடமே இருந்திருக்காது. நான்தான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு 'பலவீனம்' என்று எழுதினேன்.

விசயத்தைச் சொன்னதும் அவ கேட்டது, "என்ன மாந்தீவுக்கு அனுப்பப் போறியா மனே?" எங்கள் வாவிக்குள் இருக்கிற அந்தத் தீவில் தொழுநோயாளர்களுக்கான ஆஸ்பத்திரி இருப்பது எல்லாருக்கும் தெரியும், அங்கே போனவர்களைப் பற்றிய கதைகளும் தெரியும். இல்லை அம்மா, இப்ப கூட்டு மருந்து இருக்கு, வீட்டிலிருந்தே குடிக்கலாம் என்று சொல்லிப் புரியவைக்க அரை மணித்தியாலம் எடுத்தது. ரிபாம்பிசின் குடித்தால் சிறுநீர் சிவக்கும், இரத்தம் என்று நினைத்து மருந்தை விட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்கவும் என்று அடுத்த கடிதத்தில் நிபுணர் எழுதியிருந்தார். சொல்லிவைத்தேன். நோய் மாறியது. மடங்கிய இரண்டு விரலும் நிமிரவில்லை. அந்த நாலு மாதம் இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி நோயாளி சொன்ன வசனம், தமிழில், ஒரு சொல்லும் மாற்றாமல். என் அபிப்பிராயம் அதற்குக் கீழேதான். எழுதத் தொடங்கியதும்தான் எங்கள் ஆட்கள் நோவை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று கவனித்தேன். உளைவு வேறு, குத்து வேறு, காந்தல் வேறு, விறைப்பு வேறு. நாரி (இடுப்பு) உளையுது என்கிறவரும் நாரி பிடிச்சிட்டு என்கிறவரும் ஒரே வருத்தத்தோடு வரவில்லை. முட்டு என்றால் மூச்சுத் திணறல், சத்தி என்றால் வாந்தி, ஓங்காளம் என்றால் வாந்தி வரும் போல இருக்கும் ஆனால் வராது. உளைவு, குத்து, காந்தல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் 'வலி' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துத்தான் நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஓய்வுபெற்ற பிறகு மகள் தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினா. 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் வில்லியம் கல்லன் என்றொரு மருத்துவப் பேராசிரியர் இருந்தார், 1790இல் இறந்தார். அவருக்கு வந்த கடிதங்களும் அவர் எழுதிய பதில்களுமாக 5,000க்கு மேல் அங்குள்ள மருத்துவர் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரு நாளும் முகம் பார்க்காத ஆட்களுக்கு அவர் மருந்தும் சாப்பாடும் நடையும் குதிரைச் சவாரியும் எழுதி அனுப்பியிருக்கிறார். போன பதிலுக்குப் பிரதி தன்னிடம் இருக்க வேண்டுமென்று ஆள் வைத்து எழுதுவித்தார், 1781இலிருந்து ஜேம்ஸ் வாட் செய்த பிரதி எடுக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். ஈரமான மெல்லிய தாளை மை எழுத்தின்மேல் வைத்து அழுத்தினால் எழுத்து அதில் ஊறி வரும், மறுபக்கத்திலிருந்து வாசிக்கலாம். எனக்கு ஒரு சீஆர் கொப்பியும் (தடித்த அட்டை போட்ட பதிவுக் கொப்பி) காபன் தாளும். ஆனால் அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அவருக்கு எழுதியவர்களில் நோயாளிகளும் உறவினரும் மட்டுமில்லை, சின்ன ஊர்களில் இருந்த அப்போதிக்கரிமாரும் இருந்தார்கள். என்னைப் போலவே, முன்னால் நோயாளி இருக்க, தூரத்திலுள்ள ஒருவரிடம் கேட்டவர்கள்.

அந்தக் காலத்தில் இது நடந்ததற்குக் காரணம் உண்டு. நாடியையும் சிறுநீரையும் நாக்கையும் பார்ப்பதைத் தாண்டி மருத்துவர்கள் அதிகம் தொட்டுச் சோதிக்கவில்லை, லாயெனெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்ததே 1816இல்தான். நோயாளி சொல்வதுதான் முக்கிய சான்று, அதைத் தாளில் அனுப்பலாம். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த தீஸோ என்ற மருத்துவர், வைத்தியர் இல்லாத நாட்டுப்புறத்துக்கென்று 1761இல் எழுதிய நூலில், கடிதம் எழுதுகிறவர் எந்தெந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும் என்று தனியாகவே போட்டிருந்தார். அதை அறிந்தபோது அந்த அரைப் பக்கப் பதில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடிதம் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. ஒரு கமக்காரர், இரவில் படுத்தால் மூச்சு முட்டுது, எழும்பி இருந்தால்தான் சுகம் என்றார். வசனத்தை அப்படியே எழுதினேன், சரியாகத்தான் எழுதினேன். பதில் இரண்டே வரி: இதயம், வாசித்த உடனே ஏற்றி அனுப்பும். அந்தத் தாள் என் கைக்கு வந்தபோது அவரை அடக்கம் செய்து ஐந்து நாள். எழுதாமல் அனுப்பியிருக்க வேண்டிய ஆள் அவர். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதை யாரும் கடிதத்தில் சொல்லித் தர முடியாது.

இப்போது அந்த மருந்தகத்தில் குருநாகலைச் சேர்ந்த, சிங்களம் பேசும் ஒரு இளம் டொக்டர் இருக்கிறார். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறார். படுவான்கரைக்கு யாரும் விரும்பி வருவதில்லை, இவர் வந்து மூன்று வருடமாக நிற்கிறார், அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை. போன தைப்பொங்கலுக்கு வந்தபோது அந்தச் சீஆர் கொப்பியைக் கொடுத்தேன், பின்பக்கத்தில் நோய்ச் சொற்களை அவருக்காக ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் யார் எப்போது எப்படிச் சொல்வார்கள் என்றும் எழுதி. இப்போது கிளினிக் நடுவிலேயே கோல் எடுக்கிறார். நேற்றும் எடுத்தார்.

"ஐயா, ஒரு அம்மா 'உள்ளங்கால் காந்துது' எண்டு சொல்றாங்க. காந்துது எண்டா எரிவுதானே?"

"எரிவு மாதிரித்தான், ஆனா நெருப்புப் பட்ட எரிவு இல்ல. உள்ளுக்கிருந்து வாற சூடு. இரவில கூடுதா எண்டு கேளுங்க. சீனி வருத்தம் இருக்கா எண்டும் பாருங்க. அதோட செருப்புக் கழண்டு போனா அவங்களுக்குத் தெரியுதா எண்டு கேளுங்க, டொக்டர்."

போனை வைக்காமலே அவர் தன் தமிழில் அந்த அம்மாவிடம் கேட்பது எனக்குக் கேட்டது.