நான்கு ஹெக்டேயருக்குக் கீழே

ஜனவரி 21, 2025

மூன்றாம் வருடத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த பாடம் இன்று தொடங்கியது: சுற்றாடல் தாக்க மதிப்பீடு. சேர் பலகையில் நான்கு ஆண்டுகளை மட்டும் எழுதிவிட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

1969, அமெரிக்காவின் தேசிய சுற்றாடல் கொள்கைச் சட்டம். பெரிய வேலை ஒன்றைத் தொடங்க முன் அதன் விளைவை எழுத்தில் வைக்க வேண்டும் என்ற கடமை அங்கிருந்துதான் உலகமெல்லாம் பரவியது. 1980, எங்கள் இலங்கையின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். 1988, அதன் 56ஆம் இலக்கத் திருத்தம். மதிப்பீடு இதோடுதான் சட்டத்துக்குள் வந்தது. 1993, எந்தெந்தக் கருத்திட்டங்களுக்கு அது தேவை என்று பட்டியலிட்ட 772/22 வர்த்தமானி. பட்டியல் வரும்வரை சட்டப்பிரிவு இருந்தும் அதை எதில் பிரயோகிப்பது என்று தெரியாத நிலை.

அந்த வர்த்தமானிப் பட்டியலை இரவு இருந்து முழுதாக வாசித்தேன். 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அனல் மின்நிலையம். 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதி. 100 குடும்பங்களுக்கு மேற்பட்ட மீள்குடியேற்றம். 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலம் நிரப்புதல். 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்பு. கடைசி வரியில் மனம் நின்றுவிட்டது. 4 ஹெக்டேயர் என்றால் கிட்டத்தட்ட 10 ஏக்கர். எங்கள் யாழ்ப்பாணப் பரவைக்கடலில் இப்போது அடைத்துக்கொண்டு போகும் கடலட்டைப் பண்ணைகளில் 10 ஏக்கரைத் தொடுகிற பண்ணை எத்தனை இருக்கும்?

ஜனவரி 28

குழு ஒப்படை தந்தாயிற்று. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் 3 ஹெக்டேயரில் ஒரு கடலட்டைப் பண்ணை வருகிறது என்று வைத்துக்கொண்டு, மதிப்பீட்டில் எதை, எப்படி ஆராய வேண்டும் என்று சொல்லும் ஆய்வு விதிமுறைகளை நாங்கள் வரைய வேண்டும். எங்கள் குழுவில் குருநகர்ப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அப்பா, மாமா, சித்தப்பா எல்லாரும் கடற்றொழிலுக்குப் போகிறவர்கள். அவள் உடனே கேட்டாள், "3 ஹெக்டேயர் எண்டால் சட்டப்படி மதிப்பீடே தேவையில்லையே சேர்?" சேர் சிரித்துக்கொண்டே, "அதைத்தான் யோசியுங்கோ" என்றார்.

அளவு பார்க்காத இடங்களும் உண்டு. பட்டியலில் உள்ள கருத்திட்டம் ஒன்று வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் வந்தால் அது எவ்வளவு சிறியதென்றாலும் தப்ப முடியாது. அதோடு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதன் கரையோர வலயம் பொதுவாகத் தரைப்பக்கம் 300 மீட்டர், கடற்பக்கம் 2 கிலோமீட்டர். அதற்குள் அனுமதி கேட்பவரிடம் தாக்க மதிப்பீடு கேட்கக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.

பெப்ரவரி 1

தீவகப் பக்கம் ஒரு கரைக்குப் போய் வந்தோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எங்களோடு கதைத்தவர்கள் பண்ணைக்காரரோடும் கடற்றொழிலாளர் சங்கத்தோடும் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்தது. இடுப்பளவு ஆழத்தில் தடிகள், தடிகளைச் சுற்றி வலை, அதை ஒட்டி இன்னொரு சதுரம், அதற்கப்பால் இன்னொன்று. தண்ணீருக்கு மேலே ஒரு காவல் குடில். பழைய வலைகளில் பாசி பிடித்துக் கண்களெல்லாம் அடைபட்டிருந்தன. அப்படி ஒரு வலைக்குப் பக்கத்தில் இறங்கி நின்றால் நீரோட்டம் மந்தமாகிப் போனது காலுக்கே தெரிகிறது. வெளியே சற்றுத் தள்ளி நின்றபோது கடற்புல் காலில் தட்டுப்பட்டது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான்.

தடி நட்டு ஓரிடத்தில் நிறுத்தும் சிறகுவலைத் தொழில் செய்யும் ஐயா ஒருவர் நெடுநேரம் எங்களோடு இருந்தார். "பிள்ளையள், பண்ணை கூடாதெண்டு நான் சொல்லேல்லை. ஒரு பண்ணை வரேக்குள்ள சுத்திப் போனன். ரெண்டாவது வரேக்குள்ளயும் சுத்திப் போனன். இப்ப நான் வலை வைக்கிற இடத்தில, என்ர பாட்டில, வேலி நிக்குது. இனி எந்தப் பக்கத்தாலை சுத்துறது?" அனுமதி கொடுக்க முன் யாராவது வந்து கேட்டார்களா என்றோம். சங்கத்தில் ஏதோ கடிதம் வாசித்தார்களாம். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

பண்ணையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வேறு விதமாகச் சொன்னார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். "ரவுணுக்கு பஸ் ஏறாமல் வீட்டுக்குக் கிட்ட எனக்குக் கிடைச்ச முதல் வேலை இது. இதை நிப்பாட்டச் சொல்லி எழுதிப் போடாதேங்கோ." எழுத மாட்டோம் என்றேன். அவருடைய சம்பளமும் தாக்க மதிப்பீட்டுக்குள் வரவேண்டிய விடயம்தான். சமூகத் தாக்கம் என்ற அத்தியாயம் வெறும் பாதிப்புகளின் பட்டியலாக இருக்கக் கூடாது.

தனியே ஒரு பண்ணையை எடுத்தால், அது செய்யும் கேடு சிறியது என்று நானே சொல்வேன். கடலட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள சேதனப் பொருளைத் தின்று, மணலைத் திரும்ப விட்டுவிடும். இறால் குளத்துக்குப் போல தீவனம் கொட்டத் தேவையில்லை. காய்ந்த அட்டை ஹொங்கொங், சீனா என்று போய் வெளிநாட்டுப் பணம் வருகிறது. பிரச்சினை அந்த ஐயா சொன்ன மாதிரி வரிசையில் வருவது. மூன்றாவதுக்கும் பத்தாவதுக்கும் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொரு கோப்பிலும் தாக்கம் சிறிது என்றுதான் எழுதியிருக்கும், எழுதியதும் சரியாகத்தான் இருக்கும். கடற்புல்லும் நீரோட்டமும் ஐயாவின் வலைப்பாடும் தாங்குவது எல்லாவற்றின் கூட்டுத்தொகையை.

பெப்ரவரி 6

லியோபோல்ட் அணி படித்தோம். 1971இல் வந்தது. மேலே 100 செயல்கள், பக்கத்தில் 88 சுற்றாடல் இயல்புகள், மொத்தம் 8,800 கட்டங்கள். தாக்கம் உள்ள கட்டத்தில் குறுக்குக் கோடிட்டு மேலே அளவையும் கீழே முக்கியத்துவத்தையும் 1 முதல் 10 வரை எண்ணால் குறிக்க வேண்டும். எங்கள் 3 ஹெக்டேயர் பண்ணைக்கு நிரப்பிப் பார்த்தோம். அநேகமாக எல்லாம் 1, 2. நீரோட்டத்துக்கு 2. அதே கடற்பரப்பில் இதே அளவில் இன்னும் பல வந்தால் அந்த 2 என்னவாகும் என்று கேட்க அணியில் கட்டமே இல்லை. நல்ல கருவிதான், ஒரு கருத்திட்டத்தைத் தனியாக வைத்துப் பார்ப்பதற்கு.

கூட்டுத் தாக்கம் என்ற சிந்தனை புதிதல்ல. 1978இல் வந்த அமெரிக்க ஒழுங்குவிதிகளிலேயே, தனித்தனியே சிறியவையாக இருந்து காலப்போக்கில் ஒன்றுசேர்ந்து பெரிதாகும் செயல்களை இதற்குள் சேர்த்துவிட்டார்கள்.

பெப்ரவரி 14

இன்று வகுப்பு முழுக்க மன்னார்க் கதை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை போட இருந்த இந்திய நிறுவனம் விலகுவதாக அறிவித்துவிட்டது. பறவைகள் வென்றுவிட்டன என்று ஒருவன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசாங்கம் மின்சார விலையைத் திரும்பப் பேச முனைந்த பிறகுதான் இந்த அறிவிப்பு வந்தது.

என் குறிப்பேட்டில் வேறொன்றை எழுதினேன். காற்று, சூரியன் போன்றவற்றுக்கு வர்த்தமானி எல்லை 50 மெகாவாட். இந்தத் திட்டம் அதைப் பல மடங்கு தாண்டியதால் அறிக்கை வந்தது, வலசைப் பறவைகளின் பாதை பற்றி ஆட்கள் எழுதினார்கள், உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. பெரிய திட்டமென்றால் சண்டை பிடிக்க ஒரு கதவாவது இருக்கிறது. வேலி வேலியாக வருவதற்கு அந்தக் கதவு எங்கே?

பெப்ரவரி 22

நூலகத்தில் புத்தளம் இறால் பண்ணைகளைப் பற்றி வாசித்தேன். 80களிலும் 90களிலும் அந்தக் கரை முழுக்கக் குளம் வெட்டினார்கள். அவற்றில் பல சிறியவை, மதிப்பீட்டு எல்லைக்குள் வராதவை, அனுமதியே இல்லாதவையும் இருந்தன. கண்டல் காடு போனது. பண்ணைகள் டச்சுக் கால்வாயிலிருந்து நீரை எடுத்து அதே கால்வாய்க்குள் கழிவுநீரை விட்டன. ஒருவர் வெளியே விட்டதை அடுத்தவர் உள்ளே எடுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்தக் கால்வாய் வழியாகவே பண்ணைக்குப் பண்ணை பரவியது. நட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பண்ணைக்காரர்களேதான்.

இதை எங்கள் அறிக்கையின் முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கூட்டாக அளந்து பார்ப்பது பண்ணைக்காரருக்கு எதிரானதென்று நினைப்பவர்களுக்குப் புத்தளம்தான் பதில். ஒரே தண்ணீரைப் பாவிக்கிறவர்கள் ஒருவரோடொருவர் கட்டுண்டவர்கள். தீவகத்தில் சந்தித்த அக்காவின் வேலை நிலைக்க வேண்டுமென்றாலும் இந்தக் கணக்கு வேண்டும்.

மார்ச் 3

பொதுமக்கள் பங்கேற்பு. முழு மதிப்பீட்டு அறிக்கை வந்தால் வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும், மக்களுக்குக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற சிறிய அறிக்கையோடு முடிந்தால் அந்த 30 நாள் கட்டாயமில்லை. 2000ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. இரண்டுமே தேவைப்படாத பண்ணைக்கு, சங்கத்தில் வாசித்த கடிதம்தான் மிச்சம். விடியப்புறம் வலை இழுத்துவிட்டு வந்து படுத்திருக்கும் மனிதருக்கு அந்தக் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்?

எங்கள் வரைவில் ஒரு நிபந்தனை சேர்த்தோம். அறிவித்தல் இறங்குதுறையிலும் கூலர் லொறி வந்து மீன் ஏற்றும் இடத்திலும் ஒட்டப்பட வேண்டும், வரைபடத்தோடு, தமிழில். கூட்டம் தொழில் இல்லாத நாளில் வைக்கப்பட வேண்டும்.

மார்ச் 11

இன்று சமர்ப்பணம். 3 ஹெக்டேயர்ப் பண்ணைக்கென்று கேட்ட விதிமுறைகளை நாங்கள் அந்தக் கடற்பரப்பு முழுவதற்கும் எழுதிக் கொடுத்தோம். புதிதாக ஒரு வேலிக்கும் அனுமதி கொடுக்க முன் கடற்புல் எங்கெங்கே, எவ்வளவு என்று படம் வரைய வேண்டும். நீரோட்டம் அளக்க வேண்டும். சிறகுவலைப் பாடுகளும் படகுப் பாதைகளும் தொழிலாளரைக் கொண்டே குறிக்கப்பட வேண்டும். அளவீடு மாரியிலும் கோடையிலும் நடக்க வேண்டும். மாரி மழையில் கடல்நீரேரியின் உப்புத்தன்மை இறங்கும், கடலட்டைக்கு அது ஒத்துவராது. பெப்ரவரியில் மட்டும் போய் அளந்தால் நல்ல பக்கம் மட்டுமே தெரியும்.

இப்படிப் பரப்பாகப் பார்ப்பதற்கு முன்மாதிரி இருக்கிறதா என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். இருக்கிறது. போர் முடிந்த பிறகு வட மாகாணம் முழுவதற்கும் ஒருங்கிணைந்த மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு ஒன்று மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் முன்னின்று செய்து, 2014இல் அறிக்கையாக வந்தது. எந்த நிலம் எதற்குப் பொருத்தம் என்று வரைபடம் போட்டுப் பார்த்த முயற்சி. மாகாணத்துக்கே செய்ய முடிந்தால் ஒரு கடல்நீரேரிக்குச் செய்ய முடியாதா?

சேரின் கேள்விதான் கடினமானது. "அப்ப எத்தனை ஏக்கர் வரை தாங்கும்? ஒரு இலக்கம் சொல்லுங்கோ." இலக்கம் சொல்ல மாட்டோம் என்று குருநகர்ப் பிள்ளை நேராகச் சொன்னாள். அளக்காமல் சொல்லும் இலக்கம்தானே அந்த 4 ஹெக்டேயரும் என்றாள். சேர் அதைக் குறித்துக்கொண்டார்.

மார்ச் 15

ஒப்படை முடிந்தாலும் இந்த வேலையை விடப் போவதில்லை. இறுதி வருட ஆய்வுக்கு இதையே கேட்டிருக்கிறேன், சேரும் சம்மதித்துவிட்டார். கூகுள் ஏர்த்தில் பழைய படங்களைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் வேலிச் சதுரங்கள் வருடத்துக்கு வருடம் கூடுவது ஓரளவு தெரிகிறது. மேகமும் கலங்கலும் மறைத்த வருடங்கள் பெரிய இடைவெளியாக இருக்கின்றன. வேலிகளுக்கு முன் இருந்த நிலைக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை, தீவகக் கரைகளில் உள்ளவர்கள் இதை வாசித்தால் ஒரு உதவி. உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பழைய இறால், நண்டு கொள்வனவுப் புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள். கறையான் அரித்ததென்றாலும் பரவாயில்லை, வந்து இருந்து பார்த்து எழுதிக்கொண்டு போவோம். சிறகுவலைப் பாடுகளின் பெயர்கள் தெரிந்த பெரியவர்கள் இருந்தாலும் அறிமுகப்படுத்துங்கள். சோளகக் காற்றுக் கிளம்ப முன் அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.