எல்ஃப் லொறிக்கு மேலதிக சுவிட்ச் போட்ட கதை: ரிலே இல்லாமல் வயர் இழுக்க விடாதீர்கள்

நுவரெலியா, கந்தப்பளை பக்கம் மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகத் தம்புள்ளைச் சந்தைக்கு இறங்கும் லொறிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபொக் லைட், பின்பக்கம் சாமான் ஏற்ற ஒரு லைட், போன் சார்ஜர் என்று கெபினுக்குள் தனித்தனி சுவிட்ச் போடும் எண்ணம் இருந்தால், வண்டியை வயரிங் பாஸிடம் (வயரிங் வேலை செய்பவரிடம்) விடுவதற்கு முன் வாசித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என்னுடையது பழைய இசுசு எல்ஃப், 24 வோல்ட். ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவே போகும் மொடல். லைட்டும் சுவிட்ச்சும் வாங்குவதில் ஒரு கரைச்சலும் இல்லை. டேஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வெறும் மூடி போட்ட ஓட்டைகள் இருக்கின்றன; மூடியைக் கழற்றி அந்த அளவுச் சுவிட்ச்சை அழுத்தினால் கிளிப் பிடித்துக்கொள்ளும். பாஸ் டிரில்லை எடுத்தால் தடுத்துவிடுங்கள், டேஷ்போர்டைத் துளைக்கத் தேவையே இல்லை.

வினை வயரிங்கில்தான் வந்தது. எங்கள் பக்கத்து கராஜ் ஒன்றில் பாஸ் ஒருவர், வீட்டு ஸ்பீக்கருக்கு இழுக்கிற மாதிரி மெல்லிய வயரை எடுத்து, ஹெட்லைட் வயரின் உறையைச் சீவி, அதிலேயே ஃபொக் லைட்டை முறுக்கி டேப் சுற்றிவிட்டார். "ரிலே போடலயா அண்ணே?" என்று கேட்டேன். "இத்தன வருஷமா இப்பிடித்தான் போடுறேன் தம்பி, ஒண்ணும் ஆகல. ரிலே எல்லாம் வீண் செலவு" என்றார். ரிலே என்பது, சுவிட்ச்சிலிருந்து வரும் சிறிய கரண்டில் இயங்கி, லைட்டுக்கான பெரிய கரண்டைத் தானே திறந்து மூடும் சின்னப் பெட்டி. அடுத்த நாளே பியூஸ் போனது. மாற்றித் தந்தார். 15 இருந்த இடத்தில் 30 அம்பியர் பியூஸைச் செருகியிருக்கிறார் என்பது வண்டி எரியப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது நல்ல மூடுபனி. இரண்டு 70 வோட்ஸ் பல்ப், அதோடு ஹெட்லைட். முதலில் பிளாஸ்டிக் கருகும் வாடை, பிறகு ஸ்டீயரிங் அடியிலிருந்து மெல்லிய புகை, அடுத்த நொடி முன்னால் முழு இருட்டு. பின்னால் முழு லோட் கரட்டும் லீக்ஸும். மச்சான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, ஓரம் கட்டிப் பெட்டரி வயரைக் கழற்றினேன். லைட் சுவிட்ச்சின் பிளக் உருகி, ஊசிகள் உள்ளேயே ஒட்டிப்போயிருந்தன. விடியும்வரை அங்கேயே கிடந்தோம். தம்புள்ளைக்குப் போய்ச் சேரும்போது நல்ல விலை முடிந்துவிட்டது.

அடுத்ததாக, கண்டியில் ஒரு கடையில் ரிலே வாங்கினேன். லொறி 24 வோல்ட் என்று தெளிவாகச் சொன்னேன். கடைப் பையன் தந்தது 12 வோல்ட். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டி, ஒரே கால்கள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். மாட்டியதும் 'டிக்' என்று நன்றாகத்தான் பிடித்தது. ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருளான கொயிலுக்கு இரட்டை வோல்ட் போனால் சூடு நான்கு மடங்கு, எத்தனை நேரம் தாங்கும்? கையால் தொட முடியாத அளவு கொதித்துச் செத்துப்போனது. வேலையை விட்டுவிட்டுத் திரும்பக் கண்டிக்குப் போனால், "எலெக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்கிறதில்ல" என்று பில்லின் அடியில் அடித்திருந்த வரியைக் காட்டினார்கள். 24 என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆகவே கவுண்டரிலேயே எழுத்தைப் பாருங்கள். மீட்டர் இருந்தால் ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட கொயில் கால்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள்: 12 வோல்ட் ரிலே பெரும்பாலும் 100 ஓமுக்குக் கீழே காட்டும், 24 வோல்ட் 300 பக்கம் வரும்.

கடைசியில் கம்பளையில் ஒரு வயதான பாஸ்தான் ஒழுங்காகச் செய்து தந்தார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பெட்டரியிலிருந்து தடித்த வயர், பெட்டரிக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற காலுக்கு. 87இலிருந்து லைட்டுக்கு. 85 ஏர்த், 86 சுவிட்ச்சுக்கு. ஃபொக் லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது 6 அம்பியர் அளவுதான், அதுவும் சுவிட்ச் பக்கமே வருவதில்லை. சுவிட்ச்சுக்கான கரண்டைப் பார்க் லைட் வயரிலிருந்து எடுத்தார். பார்க் லைட்டை நிறுத்தினால் ஃபொக் லைட்டும் நின்றுவிடும், மறந்துபோய்ப் பெட்டரியை இறக்க வழியில்லை.

அவர் செய்த இன்னொரு காரியத்தை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. வயரைக் கட்டுவதற்கு முன் கெபினை முழுதாக முன்னால் சாய்த்தார். முந்தியவர் இழுத்திருந்த வயர் கெபின் கீல் கிட்டே வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. உறை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. எஞ்சின் வேலைக்கு இன்னொரு தரம் சாய்த்திருந்தால் அறுந்து சேசியில் பட்டிருக்கும். புதிய வயரை அந்த இடத்தில் தளர்வாக விட்டு, குழாய்க்குள் போட்டு, சைலன்சரிலிருந்து தள்ளியே கட்டினார்.

எங்கள் ஈரத்துக்கு வெறும் டேப் தாங்காது. பசை இளகி, உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். இணைப்புகளைச் சோல்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். ஏர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, நட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசச் சொல்லுங்கள்.

சார்ஜர் விஷயம். 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு 12 வோல்ட் பெட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுப்பார்கள், முதல் பாஸும் அதைத்தான் செய்திருந்தார். அந்தப் பெட்டரிக்குச் சார்ஜ் போதாமல் போகும், மற்றதற்குச் சார்ஜ் கூடும், இரண்டுமே சீக்கிரம் கெடும். 24இலிருந்து 12க்கு இறக்கும் கன்வர்ட்டர் ஒன்றைப் போட்டு, அதைச் சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் லைனில் கொடுங்கள்.

பின்பக்க லைட்டுக்கு உள்ளே வெளிச்சம் எரியும் சுவிட்ச்சாக வாங்குங்கள், அதுவும் 24 வோல்ட் என்று பார்த்து. தோட்டத்தில் லோட் ஏற்றிவிட்டு அணைக்க மறந்து ரோட்டுக்கு இறங்கினால் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது, பொலிஸும் விடாது.

உருகிப்போன ஹெட்லைட் சுவிட்ச்சுக்கு ஒரு லோட் கூலி அப்படியே போனது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு அது தேடிப் போவதென்றால் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே எல்ஃப் என்றாலும் மொடலுக்கு மொடல் பிளக்கின் ஊசிகள் மாறும். கடைக்காரர் "இதுதான், போடுங்க" என்றாலும் இரண்டு பிளக்கையும் பக்கத்தில் வைத்து ஊசிகளை எண்ணிப் பார்த்த பிறகே சல்லியைக் கொடுங்கள்.