பதினொன்றாம் நாளுக்கு முன்

ராம் ரெட்டி இயக்கி, 2015ஆம் ஆண்டு லொகார்னோ திரைப்பட விழாவில் விருது பெற்ற ‘திதி’ என்னும் கன்னடப் படத்தை, தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் தேன்கனிக்கோட்டையில் என் அத்தையோடு அமர்ந்து பார்த்தேன். மண்டியா மாவட்டச் சிற்றூர் ஒன்றில் 101 வயது முதியவர் இறந்துபோகிறார். ஒருபுறம் பதினொன்றாம் நாள் காரியத்துக்கு ஏற்பாடு நடக்க, மறுபுறம் நிலத்தை விற்கத் துடிக்கும் பேரன், சொத்தில் பற்றின்றி ஊர் சுற்றும் தன் தந்தை உயிரோடு இருக்கும்போதே அவர் இறந்துவிட்டதாகப் பொய்ச் சான்றிதழ் வாங்குகிறான்.

பெற்ற தகப்பனைத் தாளில் சாகடிப்பது நம் வீடுகளில் நினைக்கவும் கூசும் செயல். ஆனாலும் அத்தை வாய்விட்டுச் சிரித்தார், பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டார். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்த எங்கள் கொல்லைக்காக அப்பாவும் பெரியப்பாவும் பல ஆண்டுகள் முகம் பாராமல் இருந்ததைப் பற்றி அன்றிரவுதான் அவர் முதன்முதலாகப் பேசினார். தொழில்முறை நடிகர் அல்லாத ஊர்மக்களே நடித்திருப்பதால், அந்தச் சிரிப்பில் எவரையும் இழிவுபடுத்தும் தொனி இல்லை என்பது என் எண்ணம்.

தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) இன்னும் துணிச்சலானது. திருநங்கையாக வீடு திரும்பும் அப்பாவைத் தயக்கமின்றி ஏற்கும் சிறுவன் ராசுக்குட்டி என் மனத்தை விட்டு அகலவில்லை. அடுத்த முறை அத்தையோடு அதைத்தான் பார்க்க வேண்டும்.