புளியங்கொட்டையும் ஆறு சென்சாரும்

சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகும் வழியில்தான் எங்கள் வீடு. மென்பொருள் சோதிக்கும் வேலையை நான் வீட்டிலிருந்தே செய்கிறேன். அம்மா திண்ணையில் பனையோலையில் கொட்டான் என்ற சின்னக் கூடை முடைவாள். ரெண்டு பேருக்கும் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, ரெண்டு பேருக்கும் இடுப்பு வலி. போன வருஷம் அந்த வலியில்தான் இது ஆரம்பித்தது. தலைக்கு வேலை கூடும்போது உட்கார்ந்திருக்கும் உடம்பு என்ன செய்கிறது என்று அளந்து பார்க்க ஆசை வந்தது.

இது புது யோசனை இல்லை. 2003இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் செலீன் மோட்டாவும் ரோசலிண்ட் பிகார்டும் நாற்காலியில் அழுத்தம் உணரும் விரிப்புகளைப் பொருத்தி, கணினியில் புதிர் விளையாடும் பிள்ளைகளின் ஆர்வம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று அவர்கள் உட்காரும் விதத்தை வைத்தே கணிக்கப் பார்த்தார்கள். அந்த விரிப்பின் விலைக்கு நான் எங்கே போவேன்? தபாலில் அழுத்த சென்சார்கள் வாங்கினேன். பத்து ரூபாய் நாணயத்தை விடச் சின்ன வட்டம். அழுத்தினால் அதன் மின்தடை குறையும். பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றோடு சேர்த்து, வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கணினி போர்டில் கொடுத்தால் 0 முதல் 4095 வரை ஓர் எண்ணாக வரும். வைஃபை ஓடும்போது இந்த போர்டில் சென்சாரைப் படிக்கும் அனலாக் பின்களில் பாதி வேலை செய்யாது. மிச்சத்தில் என் போர்டில் வெளியே எடுக்க முடிந்தது ஆறுதான். அதனால் ஆறு சென்சார்.

முதலில் என் நாற்காலிக் குஷனில் வைத்துப் பார்த்தேன். பாட்டுக் கேட்கும்போது நெளிந்துகொண்டே இருக்கிறேன். ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரும்போது திரையில் வரையும் கோடு அப்படியே படுத்துவிடுகிறது, அசைவே இல்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. அசையாமல் இருந்தால் மூளை உழைக்கிறது, விஷயம் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் அம்மாவின் பாய்க்கு அடியில் வைத்தேன்.

அம்மா நாற்காலியில் உட்காருகிறவள் இல்லை. வலது காலை மடித்து, இடது காலை நீட்டி, குதிகாலால் ஓலையின் நுனியை மிதித்துக்கொண்டு முடைவாள். பாரம் முழுக்க வலப்பக்கம். நான் எழுதியிருந்த நிரலில் ஒரு பக்கம் பாரம் கூடினால் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்துகொண்டே இருந்தது. "ஏன்டி, நான் கோணியா உக்காந்திருக்கேன்?" என்றாள் அம்மா. நாற்பது வருஷமாக அந்தக் குதிகால் ஓலையைப் பிடித்துக்கொடுத்ததால்தான் இந்த வீடு ஓடியது. அன்றைக்கே அந்த விளக்கைக் கழற்றிவிட்டேன். சரியாக உட்காரும் விதம் என்று ஒன்றை முதலில் வைத்துக்கொண்டு எல்லோரையும் அதோடு ஒப்பிடுவது தவறு என்று இப்போதும் சொல்வேன். ஒருவர் வழக்கமாக உட்காரும் விதம்தான் அவருக்கு அளவுகோல். அதிலிருந்து எப்போது, எவ்வளவு மாறுகிறார் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

சென்சாருக்கும் அதுதான் பொருந்தும். ஒரே பாரத்தை வைத்துவிட்டுப் போனாலும் அதன் எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் உட்கார்ந்த உடனே பதிவு செய்யாமல் சில நிமிஷம் விட்டுத்தான் தொடங்குவேன். இன்னொன்று உப்புக்காற்று. ரெண்டே வாரத்தில் கம்பி முனைகள் பச்சை பூத்துவிட்டன. நகப்பூச்சு தடவிய பிறகுதான் நின்றது.

மூளை எவ்வளவு உழைத்தது என்பதை ஆளிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள வேறு வழிகளும் உண்டு. 1966இல் உளவியலாளர்கள் கானமனும் பீட்டியும், மனதில் வைத்திருக்கும் எண்கள் கூடக் கூடக் கண்மணி விரிவதை அளந்து காட்டினார்கள். ஆனால் வெளிச்சம் மாறினாலும் கண்மணி மாறும். ஓலைப் பந்தலுக்கடியில் வெயில் ஆடும் எங்கள் திண்ணையில் அது நடக்காது. நாடித்துடிப்பு சென்சாரை விரலில் மாட்டலாம் என்றால், முடைகிறவளின் விரல் நிற்குமா? காது மடலில்தான் மாட்ட வேண்டியிருந்தது.

சரி, கேட்டே விடுவோம் என்று, ஒரு வேலை எவ்வளவு பாரமாக இருந்தது என்று செய்தவரிடமே கேட்கும் நாசா கேள்வித்தாளை எடுத்தேன். ஹார்ட்டும் ஸ்டேவ்லாண்டும் 1988இல் வெளியிட்டது. ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இருபது படிகள். தாளில் கோடு போடச் சொன்னால் அம்மா தயங்கினாள். இருபது புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, "தலைக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு கொட்டையைக் கொட்டான்ல போடும்மா" என்றேன். அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

சும்மா நீளத்துக்கு முடையும்போது ரெண்டு மூன்று கொட்டை. கைக்கு ஏற்ப உடம்பும் லேசாக ஆடுவது திரையில் அலையாகத் தெரியும். அடி முடைந்து முடித்து, நாலு மூலையையும் திருப்பிச் சுவர் எழுப்பும் இடத்தில் ஓலைகளை வாய்க்குள் எண்ணுவாள். அப்போது அலை நின்றுவிடும். கொட்டை பதினைந்து. என் ஏழு கழித்தல் கணக்கும் இதுவும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் ஒரு மத்தியானம் கோடு ரொம்ப நேரம் படுத்தே கிடந்தது. ஓடிப்போய்க் கேட்டால் ஒரே ஒரு கொட்டை. "கண்ணு சொருகிருச்சுடி." உழைப்பும் தூக்கமும் இந்தப் பாய்க்கு ஒன்றுதான். நான் குஷனில் கண்டுபிடித்ததாக நினைத்ததில் பாதி அன்றைக்குப் போய்விட்டது. அப்புறம் இன்னொரு நாள் கால் மரத்துப்போய் அசையாமல் இருந்தாள், அதுவும் அதே கோடு.

ஆடி மாசம் காற்று பலமாக இருந்த ஒரு நாள். தம்பி விடியுமுன்னே வள்ளத்தில் போயிருந்தான், பத்து மணிக்குத் திரும்ப வேண்டியவன் பதினொன்றாகியும் வரவில்லை. அம்மா சும்மா நீளத்துக்குத்தான் முடைந்துகொண்டிருந்தாள், ஆனால் அலையே இல்லை. காதில் நாடித்துடிப்பு எகிறியிருந்தது. கொட்டானை நீட்டினேன். மூன்று கொட்டை போட்டாள். மிச்சம் பதினேழையும் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "வேலைக்குப் போட்டுட்டேன். தம்பி நெனப்புக்கு எதுல போட?"

அந்தக் கேள்வித்தாள் செய்கிற வேலையைப் பற்றித்தான் கேட்கிறது. இதற்கு அதில் இடம் இல்லை. என்னிடமும் பதில் இல்லை. உள்ளே போய் அவள் முடைந்து வைத்திருந்த இன்னொரு கொட்டானை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். பதினேழையும் அதில் போட்டாள்.

தம்பி பன்னிரண்டு மணிக்கு வந்தான். பதிவேட்டில் இப்போது ரெண்டு பத்திகள் வைத்திருக்கிறேன்.