எங்கே சிரிப்பு வரவில்லை?

காமெடி குறும்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் ஒன்றும் செய்ய முடியாது. கதை தெரியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, திரையை விட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். கை போனுக்குப் போகும் இடத்தில் கத்தரி வையுங்கள்.

கருத்து சொல்பவர்களே, வெறும் "மொக்கை" யாருக்கும் உதவாது (சொல்ல ஜாலியாக இருக்கும், சரி). உங்கள் ஜோக்கை அவர் படத்தில் திணிக்கவும் வேண்டாம். எந்த நிமிடம், எந்த வசனம்? ஜோக்கே சரியில்லையா, ஆடியோ தெளிவாகக் கேட்கவில்லையா, இல்லை பஞ்ச் முடிந்தும் ஷாட் நீள்கிறதா? கடைசியாகச் சொன்னதுதான் நிறைய படங்களில் சிக்கல், நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் பத்து ஃபிரேமை வெட்டினாலே சில காமெடி எழுந்து உட்காரும்.