சிறுவிடைக் குஞ்சின் இரைப்பைக் கட்டு கரைந்தது

இந்த ஈட்டில் பொரித்த சிறுவிடை என்ற நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் ஒன்றுக்கு, கழுத்தடியில் இரை தங்கும் பையான இரைப்பை கல்லாக இறுகிவிட்டது. இப்போது அதுதான் தீவனத் தட்டுக்கு முதலில் ஓடிவருகிறது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

இரைப்பையைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. சாயங்காலம் தடவினால் எல்லாக் குஞ்சுக்கும் கழுத்தடியில் சற்று வலப்பக்கமாகப் புடைத்துத்தான் இருக்கும். இரவில் இரை இறங்கி, காலையில் தீவனம் வைக்கும் முன் அது தட்டையாகியிருக்க வேண்டும். இந்தக் குஞ்சுக்கு அப்படி ஆகவில்லை. விரலால் உருட்டினால் உள்ளே நூல்கண்டு போலத் தட்டுப்பட்டது. முற்றத்தில் விட்டபோது காய்ந்த அருகம்புல்லை விழுங்கியிருக்கிறது.

வாயைத் திறந்தும் பார்த்தேன். புளித்த வாடை இல்லை, உள்ளே வெள்ளைப் படலமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. பை தண்ணீர் நிறைந்த மாதிரி தளதளவென்று, வாயில் நாற்றத்தோடு இருந்தால் அது கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு எண்ணெயும் நீவலும் உதவாது. கால்நடை மருத்துவரிடம் காட்டினால் நிஸ்டாடின் போன்ற பூஞ்சை மருந்து தருவார். அந்த நிலையில் வெல்லத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், சர்க்கரை பூஞ்சைக்குத்தான் தீனி. தேவையில்லாமல் நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீர் கொடுப்பதும் இதைக் கொண்டுவரும். குஞ்சு சோர்ந்தாலே அந்தப் பவுடரைத் தூக்கும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

கட்டுக்கு வைத்தியம் எளிது, கை பக்குவம்தான் கஷ்டம். தீவனத்தை எடுத்துவிட்டு, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயும் எடுத்தேன். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. உள்ளே பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு தொட்டுவைப்பேன். குஞ்சு தானாக உறிஞ்சி, தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. அப்புறம் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பையைப் பிடித்து, கட்டியின் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரித்துவிட வேண்டும். நடுவில் அழுத்தக் கூடாது. தலைகீழாகப் பிடித்துப் பிதுக்குவதும் வேண்டாம், உள்ளே இருப்பது மூச்சுக்குழாயில் ஏறிவிடும்.

இத்தனையும் குஞ்சு புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் கூண்டு) சூட்டில் இருந்தால்தான் பலிக்கும். குளிர்ந்த குஞ்சுக்கு இரை நகராது. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 குறைப்பது வழக்கம். இதற்கு மட்டும் நான் குறைக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் பை சுருங்கிக்கொண்டே வந்தது. மிருதுவானதும், தண்ணீரில் குழைத்த ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன்.

ஸ்டார்ட்டர் மட்டும் தின்னும் குஞ்சுக்கு மணல் தேவையில்லை. புல், தானியம் என்று போனால் வயிற்றுக்குள் இரையை அரைக்கப் பொடிக்கல் வேண்டும். தீவனக் கடையில் பெரிய கோழிக்கான கிளிஞ்சல் துண்டுதான் கிடைக்கிறது, அது சீக்கிரம் கரைந்துவிடும், அரைக்க உதவாது. கட்டட வேலை நடக்கும் வீட்டில் ஆற்றுமணல் கேட்டு வாங்கி, சலித்துக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அடுத்து அசில் ரகக் கோழி முட்டைக்குச் சொல்லிவைத்தாயிற்று. இன்குபேட்டர் தயார்தான். ஆனாலும் இந்த ஈட்டுக்கு இறகு முளைத்து புரூடர் காலியாகட்டும், அப்புறம் முட்டை வைக்கிறேன்.