நீவுவதா, அமுக்குவதா, மிதிப்பதா: எந்த வலிக்கு எந்த மசாஜ்

ஸ்பா வாசலில் தொங்கும் கட்டணப் பலகையில் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், பாலினீஸ், அரோமா, ஹாட் ஸ்டோன் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அறுபது நிமிடத்துக்கு ஒரு விலை, தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு விலை. இந்தப் பெயர்களை வைத்து உங்கள் வலிக்கு எது சரி என்று முடிவு செய்ய முடியாது. எவ்வளவு அழுத்தம், எந்தத் திசை, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கடைகளில் நடப்பது இந்த மூன்றிலும் முற்றிலும் வேறாக இருக்கலாம்.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. 32 புற மருத்துவ முறைகளில் ஒன்றான தொக்கணத்தை, அதாவது உடம்பைப் பிடித்துவிடுவதை, ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். கை என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரித்திருப்பதால், ஸ்பா பலகையைவிட இந்தப் பட்டியல் எவ்வளவோ மேல். ஐரோப்பிய முறையும் அப்படித்தான் பிரிக்கிறது: நீவல், பிசைதல், தேய்த்தல், தட்டல், அதிர்த்தல். இவற்றை வகைப்படுத்தியவர் நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். ஆனால் 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்விக்கூடம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் பெயரோடு சேர்ந்து 'ஸ்வீடிஷ்' என்றே நிலைத்துவிட்டது.

நீவல் எளிதாகத் தெரியும், பலரும் அவசரமாக முடித்துவிடுவார்கள். உள்ளங்கை முழுவதும் தோலில் படிய, இதயத்தை நோக்கி நீளமாக நீவ வேண்டும். எண்ணெய் பரவும், உடல் தளரும். எந்த இடம் இறுகியிருக்கிறது, எங்கே தொட்டால் ஆள் நெளிகிறார் என்று செய்பவரின் கைக்கும் தெரிந்துவிடும். முதல் சில நிமிடம் இதற்குப் போகாவிட்டால் பிறகு செய்வதெல்லாம் குருட்டாம்போக்குதான். பிசைதல் கெண்டைக்கால், தொடை, தோள்பட்டை மேல்சதை போன்ற தடித்த தசைகளுக்கு உரியது. சதையை எலும்பிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்து விட வேண்டும்.

தேய்த்தலில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்க வலி) போன்ற, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் வரும் வலிக்கு ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் பரப்பிய குறுக்குத் தேய்ப்பில் எண்ணெயே கூடாது. விரலும் தோலும் ஒன்றாக நகர்ந்து, நாணின் இழைக்குக் குறுக்கே, வலி இருக்கும் அந்த ஒரு புள்ளியில் மட்டும் போய்வர வேண்டும். எண்ணெய் தடவிவிட்டுச் செய்தால் விரல் தோல்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் இருக்கும் நாணுக்கு ஒன்றும் போய்ச் சேராது. தோல் மட்டும் சிவந்து எரியும்.

அடிச்சதை வரை அழுத்தும் டீப் டிஷ்யூ மசாஜைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம். முழங்கையையோ முன்கையையோ வைத்து, சதை எதிர்க்கும் இடம் வரை மெல்ல இறங்கி, அங்கே நிற்க வேண்டும். இரண்டு மூன்று மூச்சில் சதை இடம் கொடுக்கும். அதன் பிறகு ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். வேகமாக இறங்கினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். செய்பவர் இன்னும் பலமாக அமுக்குவார். அது இன்னும் இறுகும். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் ஆறு, ஏழைத் தாண்டக் கூடாது. படுத்திருப்பவர் மூச்சைப் பிடித்தாலோ, கால்விரலை மடக்கினாலோ, 'பரவாயில்லை, செய்யுங்க' என்று வாய் சொன்னாலும் அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். மறுநாள் லேசாக வலிப்பது சகஜம். தோல் கன்றிப் போனால் அது நன்றாகச் செய்ததற்கு அடையாளம் என்று சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள்.

'முடிச்சு' என்று சொல்வதும் கயிற்று முடிச்சு மாதிரி எதுவும் கிடையாது. தொட்டால் வலிக்கும் ஓர் இறுகிய பட்டைதான். அதன்மேல் 30 முதல் 60 வினாடி நிலையாக அழுத்தினால் வலி பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் விட்டுவிட்டுப் பக்கத்துத் தசைக்குப் போக வேண்டும். ஒரே புள்ளியைப் பத்து நிமிடம் குடைந்தால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது நிணநீர் வடிகால் மசாஜ். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் உருவாக்கி, 1936இல் பாரிஸில் அறிமுகப்படுத்திய முறை இது. திசுக்களில் கசியும் நீரை வடித்தெடுக்கும் நிணநாளங்களின் தொடக்கக் கிளைகள் தோலுக்குச் சற்றே கீழே ஓடுகின்றன. பலமாக அழுத்தினால் அவை நசுங்கி, நீர் நகராது. அதனால் தோலை லேசாக இழுத்து விடும் அளவுக்கு மேல் அழுத்தம் கிடையாது. பார்ப்பவருக்கு ஏதோ தடவிக்கொடுப்பது போலத்தான் இருக்கும்.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணக்கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும்போது இது பெரிதும் பயன்படுகிறது. வரிசை முக்கியம். முதலில் கழுத்தெலும்புக்கு மேலே, பிறகு மறுபக்க அக்குளையும் அதே பக்கத்துத் தொடையிடுக்கையும் நோக்கி வழி திறக்க வேண்டும். அதற்குப் பிறகே மேற்கை, முன்கை, கடைசியில் விரல்கள். விரலிலிருந்து தொடங்கித் தள்ளினால், மேலே வழி இல்லாத இடத்தில் நீர் போய்த் தேங்கும். முடித்ததும் அழுத்தக் கட்டு அல்லது அளவெடுத்த கைச்சட்டை போடாவிட்டால் வீக்கம் திரும்பிவிடும். அந்தக் கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் மசாஜ் கூடாது. அது தொற்று, மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

தாய்லாந்து நாட்டின் தாய் மசாஜில் எண்ணெய் இல்லை, உடையைக் கழற்றுவதும் இல்லை. தரையில் பாய் விரித்து, உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்தி, கை கால்களை இழுத்து மடக்கி விடுவார்கள். பாங்காக்கின் வாட் போ ஆலயம் இதற்குப் பேர்போனது. 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் 'நுவாட் தாய்' என்ற அதன் சொந்தப் பெயரில் இது இடம்பெற்றது. நாள் முழுக்க உட்கார்ந்து தொடையும் இடுப்பும் விறைத்தவர்களுக்கு நன்றாக எடுக்கும். டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்குபவர்கள், எலும்பு தேய்ந்த முதியவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் அந்த முறுக்கல்களைத் தவிர்க்க வேண்டும். ஜப்பானின் ஷியாட்சுவும் உடையோடு செய்வதுதான். இழுப்பு குறைவு, கட்டைவிரல் அழுத்தம் அதிகம்.

மிதிப்பதும் நமக்குப் புதிதல்ல. கேரளத்துச் சவிட்டி உழிச்சிலில் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மிதிப்பார்கள்; எவ்வளவு எடை இறங்குகிறது என்பது கயிற்றுப் பிடியில் இருக்கிறது. வீட்டில் பேரனை ஏற்றி மிதிக்கச் சொல்லும் தாத்தாக்கள் தொடையோடு நிறுத்திக்கொள்ளட்டும். முதுகுத்தண்டின் மேல் வேண்டாம்.

வீட்டிலேயே பிடித்துவிடத் தகுந்தது கழுத்தும் தோளும். கம்ப்யூட்டர், தையல் மெஷின், பைக் எல்லாம் சேர்ந்து வலியைக் கொண்டுவந்து இறக்கும் இடம் அதுதான். வலிப்பவரை நாற்காலியில் மேசையைப் பார்த்து உட்காரவைத்து, தலையணைமேல் நெற்றியைச் சாய்க்கச் சொல்லுங்கள். இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் மூன்று நிமிடம் பின்கழுத்திலிருந்து தோள் நுனி வரை உள்ளங்கையால் நீவுங்கள். அடுத்து தோளின் மேல்சதையை உள்ளங்கையின் அடிப்பகுதிக்கும் நான்கு விரல்களுக்கும் நடுவே பிடித்துத் தூக்கி, மூன்று வினாடி வைத்து விடுங்கள். கட்டைவிரல் நுனியால் கிள்ளினால் வலிக்கத்தான் செய்யும். கழுத்தோரத்திலிருந்து தோள் நுனி வரை நகர்ந்து, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்.

அடுத்தது தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலை. கழுத்திலிருந்து இறங்கும் ஒரு தசை அங்கே வந்து ஒட்டுகிறது. பலருக்கும் வலியின் மையம் அதுவே. ஒரு கட்டைவிரலின் மேல் மற்றக் கட்டைவிரலை வைத்து, கையை நீட்டி, உடல் எடையைச் சாய்த்து 30 வினாடி, மூன்று முறை. விரல் பலத்தாலேயே அமுக்கினால் உங்கள் கட்டைவிரலின் அடிமூட்டு போய்விடும். தொழிலாகச் செய்பவர்களுக்கு முதலில் தேய்வது அந்த மூட்டுதான்.

கடைசியாக அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, மண்டையோட்டின் கீழ்விளிம்பில், நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, உங்கள் விரல்நுனிகளை மேல்நோக்கி மடக்கி வையுங்கள். தலையின் கனம் அதுவாக விரல்மேல் இறங்கட்டும். நீங்கள் தள்ள வேண்டாம். இரண்டு நிமிடத்தில் அங்கிருக்கும் சின்னத் தசைகள் தளரும். பின்மண்டையில் தொடங்கும் இறுக்கத் தலைவலிக்கு இது ஒன்றே பலருக்குப் போதும். கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் தொடாதீர்கள். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கே ஓடுகிறது. அழுத்தினால் நாடி இறங்கி மயக்கம் வரலாம்.

இதே காரணத்தால் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் 'சொடக்' என்று திருப்பி நெட்டி எடுப்பதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உருவாகும் சத்தம். எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கான அறிகுறி அல்ல. திடீர்த் திருப்பலில் கழுத்து எலும்புகளுக்குள் ஓடும் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது.

சுளுக்குக்கும் இதையே சொல்ல வேண்டும். கணுக்கால் மடங்கிய உடனே எண்ணெய் போட்டு உருவிவிட்டால், உள்ளே கிழிந்த நாரிலிருந்து கசியும் ரத்தம் அதிகமாகி வீக்கம் கூடும். முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ், கட்டு, காலை உயரமாக வைப்பது. நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே. முழங்கை அடிபட்டதற்கு மட்டும் ஒருபோதும் உருவிவிடக் கூடாது. எலும்பு முறிந்த முழங்கையைத் தேய்த்துத் தேய்த்து, தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடங்காமல் போனவர்களை நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அதில் குழந்தைகள் அதிகம்.

இன்னொரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. நீண்ட பயணத்துக்கோ, அறுவைக்கோ, பிரசவத்துக்கோ பிறகு ஒரே காலின் கெண்டை வீங்கி, சூடாகி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். பிசைந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். இரண்டு காலும் ஒன்றாக வலிப்பது வேறு. ஒரு கால் மட்டும் என்றால் கையை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, அழுத்தமும் தெரியாது. அவர்களுக்கு எண்ணெயின் சூட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பலன்களைப் பொறுத்தவரை ஸ்பா விளம்பரங்களில் பாதியை ஒதுக்கிவிடலாம். மசாஜ் 'நச்சை வெளியேற்றும்' என்பதற்கு அடிப்படை இல்லை. லாக்டிக் அமிலத்தைக் கரைக்கும் என்பதும் அப்படித்தான்; உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அது தானாகவே இறங்கிவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடும் பயிற்சிக்குப் பிறகு 11 இளைஞர்களின் ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து இரண்டு காலின் தசைகளையும் சோதித்தார்கள். லாக்டிக் அமில அளவில் மாற்றமில்லை, அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலத்தக்கவற்றில் ஒன்றாக மசாஜை 2017இல் அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்' சேர்த்தது. ஆனால் கிடைக்கும் நிவாரணம் சில நாட்களுக்கு, மிஞ்சினால் சில வாரங்களுக்குத்தான். அந்த இடைவெளியில் நடை, நீட்டல், தசை வலுப் பயிற்சி தொடங்காவிட்டால் வலி பழைய இடத்துக்கே வரும்.

தைலங்களைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மரபில் எரிச்சலோடு கூடிய வலிக்குப் பிண்ட தைலம், விறைப்புக்கும் வீக்கத்துக்கும் கொட்டஞ்சுக்காதி, உடல் முழுக்கத் தேய்க்கத் தன்வந்தரம் என்று வழங்கும். என் அபிப்பிராயத்தில் தைலத்துக்குச் செலவிடும் காசைவிடக் கைக்குச் செலவிடும் காசு மேல். புதிதாக ஓர் ஆளிடம் போனால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, சமீபத்தில் அறுவை நடந்ததா, எங்காவது மரத்துப் போகிறதா என்று அவர் முதலில் கேட்க வேண்டும். இதில் ஒன்றுகூடக் கேட்காமல் குப்புறப் படுக்கச் சொன்னால், எழுந்து செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்.